விதவை பாட்டு முடியும் வரை

என் உயிருக்காக நேர்ந்துகொண்டதை என் வீட்டுக்காரர் என்னிடமே மறைத்து வைத்திருந்தார். கொரோனா வார்டில் நர்ஸாக டூட்டி பார்த்த நான், அதே வார்டில் நோயாளியாகப் படுத்த சமயம் அது. மூச்சு விடுவதே முழுநேர வேலையாகிவிட்ட நாட்கள். பார்க்க யாரையும் உள்ளே விடமாட்டார்கள். இவர் ஆஸ்பத்திரி பார்க்கிங்கில், தான் வேலை பார்க்கும் ஏசி கம்பெனியின் வேனுக்குள் உட்கார்ந்துகொண்டு, எங்கள் ஊர்ப் பாதுகாவலரான புனிதரிடம் பேரம் பேசியிருக்கிறார். அவள் பிழைத்து வந்தால் நான் மரத்தில் நிற்கிறேன். நான் பிழைத்து வந்தேன். மெலிந்து, முடி கொட்டி, துபாய் வெயிலுக்குக் கண் கூசியபடி வந்தேன். இவர் வாயே திறக்கவில்லை.

மரத்தில் நிற்பது என்றால் என்ன என்று தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரையில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பாதுகாவலர் ரோமாபுரி ராஜாவின் படைவீரர். கிறிஸ்தவ வேதத்தை விடமாட்டேன் என்றதற்காக அவரை மரத்தில் கட்டி அம்பு எய்தார்கள். கொள்ளைநோய் வந்தால் நாங்கள் கூப்பிடுவது அவரைத்தான். திருவிழாவில் அவர் கதையைக் கூத்தாக ஆடுவோம். ராஜா, மந்திரி, சேவகர் என்று எல்லா வேஷத்துக்கும் குரலும் உடம்பும் பார்த்து ஆள் எடுப்பார்கள். புனிதர் வேஷத்துக்கு மட்டும் அப்படியில்லை. அது நேர்ச்சைக்காரருக்கு. பாடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நிற்கத் தெரிந்தால் போதும்.

நேர்ச்சைக்காரர் முந்தின நாள் பொழுது சாய்ந்ததிலிருந்து சோறு தண்ணீர் தொடக்கூடாது. மேடையில் ஏழு அம்பு வாங்க வேண்டும். பிறகு தலை தொங்கி, செத்தவர் மாதிரி நிற்க வேண்டும். ராஜாவின் ஆட்கள் அவர் செத்துவிட்டதாக நினைத்துப் போய்விடுவார்கள். அப்போது ஒரு விதவை, உடலை எடுத்து அடக்கம் செய்ய வருவாள். ஒப்பாரி வைப்பாள். ஒரு பாட்டுக்கு ஓர் அம்பாகப் பிடுங்குவாள். ஏழாவது பாட்டு முடிந்து ஏழாவது அம்பைப் பிடுங்கிய பிறகுதான் அவர் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பாள். "மூச்சிருக்கு, மூச்சிருக்கு" என்று கடைசி வரியைப் பாடுவாள். ஊரே "ஆண்டவரே" என்று அலறும். விதவை கையால் குடிக்கும் இளநீரோடு நேர்ச்சை நிறைவேறும். பாட்டு முடியும் வரை விதவையைத் தவிர யாரும் அந்த மரத்தைத் தொடக்கூடாது. தொட்டால் நேர்ச்சை முறிந்தது.

இந்தக் கூத்தைத் துபாயில், அல் குசைஸில் உட்கார்ந்துகொண்டு யார் ஆடப் போகிறார்கள் என்ற தைரியத்தில்தான் இவர் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். ஆனால் எங்கள் பக்கத்து ஆட்கள் சும்மா இருக்க மாட்டார்கள். கோயில் காம்பவுண்டுக்குள் இருக்கிற ஹாலில், தமிழ்ச் சபைக்கு என்று ஒதுக்கிய ஒரு சனிக்கிழமை மாலையில், திருவிழாக் கூத்தை ஆடிவிடுவது என்று முடிவெடுத்தார்கள். கூத்தைப் படிப்பித்த அண்ணாவியார் ஒரு கட்டுமானக் கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். ஊரில் அவர் அப்பாவும் அண்ணாவியார்தான், பாட்டு முழுக்க மகனுக்கும் மனப்பாடம். "புனிதர் வேஷத்துக்கு நேர்ச்சை உள்ளவங்க யாராச்சும் உண்டா?" என்று அவர் வாட்ஸப் குரூப்பில் கேட்டதுதான் தாமதம், என் வீட்டுக்காரர் கை தூக்கிவிட்டார்.

அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"எனக்காகவா?"

"பின்ன, எதுத்த வீட்டுக்காரிக்கா?"

சிரித்தேன். ஆனால் அந்த விரதம் இவருக்கு ஆகாது. ஏனென்றால் இவருக்குச் சுகர். நல்ல கனத்த சுகர். மாத்திரை போட்டுவிட்டு வயிற்றைக் காயப்போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நோன்பு மாதத்தில் எங்கள் எமர்ஜென்சிக்கு அப்படி எத்தனையோ பேரைத் தூக்கி வருவார்கள். வியர்த்து ஊற்றும், பேச்சு குழறும், பிறகு பேச்சே இருக்காது. பார்க்கிறவனுக்குத் தூங்குகிற மாதிரி இருக்கும்.

சண்டை போட்டேன். டாக்டரைக் கொண்டு பேச வைத்தேன். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "நேந்தது நேந்ததுதான்" என்றார். கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். விரதம் இருக்கலாம், ஆனால் அன்றைக்கு மாத்திரை கிடையாது. ஒருநாள் சுகர் ஏறினால் ஏறிவிட்டுப் போகட்டும், இறங்கக்கூடாது. "விளங்குச்சா?" என்றேன். "விளங்குச்சு சிஸ்டர்" என்றார். என்னைச் சீண்ட வேண்டுமென்றால் சிஸ்டர் என்பார்.

ஒத்திகை, அல் குசைஸ் இண்டஸ்ட்ரியல் பக்கம் இவர் கம்பெனியின் ஏசி ஒர்க்‌ஷாப்பில் நடந்தது. டூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்து ராஜாவாவார்கள், மந்திரியாவார்கள். ஏசி டக்ட் செய்கிற தகட்டை வெட்டிக் கவசம், கேடயம், கிரீடம் எல்லாம் தயார் பண்ணினார்கள். ரோமாபுரிச் சேனை முழுக்க நடக்கும்போது கடகடவென்று பழைய வேன் மாதிரி சத்தம் போட்டது. அம்புக்கும் ஒரு தந்திரம் செய்தார்கள். நெஞ்சில் கட்டிய பலகையில் ஏழு அரை அம்புகளைப் படுக்க வைத்து, கிளிப் போர்டில் இருக்கிற ஸ்பிரிங்கை மாட்டினார்கள். சேவகன் வெறும் வில்லைச் சுண்டுவான். மரத்துக்குப் பின்னால் இருப்பவர் நைலான் நரம்பை இழுப்பார். படக்கென்று அம்பு நெஞ்சில் குத்தி நிற்கும். கூடவே ஒரு சின்னப் பை உடைந்து ரத்தம் வடியும்.

ரத்தத்துக்கு ஊரில் சாயம் கலக்குவார்கள். இங்கே சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய ரோஸ் சிரப். தண்ணீர் கலக்காமல் அப்படியே. முதல் ஒத்திகை முடிந்து இவர் பனியனைக் கழற்றிப் போட்ட இடத்தில் எறும்பு மொய்த்துவிட்டது. "உங்க ரத்தத்துக்கு எறும்பு வருது, ஊர்ல யாருக்கும் இவ்வளவு இனிப்பான புனிதர் கெடச்சிருக்க மாட்டாரு" என்று விதவை வேஷக்காரத் தம்பி கேலி பண்ணினான். மீசையை எடுக்க மாட்டேன் என்று ஒரு வாரம் அடம்பிடித்தவன் அவன். சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் இருக்கிற எலக்ட்ரீஷியன், குரல் மட்டும் கேட்டால் கல்லும் கரையும். நான் பனியனை ஊறப்போட்டுக்கொண்டே திட்டினேன். அந்தச் சிவப்பு லேசில் போகவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலையில் எனக்கு டூட்டி. மூன்று மணிக்குத்தான் விட்டார்கள். டாக்ஸியில் நேரே கோயிலுக்குப் போனேன். இவருக்கு மேக்கப் போட்டு முடித்திருந்தார்கள். மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கையாட்டினார். முகத்தில் பவுடரும் சாயமும் அப்பியிருந்ததால் நிறம் தெரியவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆளின் நிறம் தெரியாவிட்டால் எனக்கு நிம்மதி இருக்காது, தொழில் அப்படி.

"எப்படி இருக்கீய?"

"ராசா மாதிரி."

"நீங்க ராசா இல்ல, அவன் கொல்லப் போற ஆளு."

சிரித்தார். நாக்கு காய்ந்து உதட்டில் ஒட்டியது தெரிந்தது. அது தாகம்தான் என்று சொல்லிக்கொண்டேன். போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன்.

ஹால் நிறைந்திருந்தது. நாற்காலி கிடைக்காதவர்கள் சுவரோரம் நின்றார்கள். எங்களுக்கு அடுத்து ஹாலை எடுத்திருந்த பிலிப்பினோ பாட்டுக் குழுவினர் கிட்டாரோடு கதவருகே வந்து, அலுமினியச் சேனையை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூத்து நன்றாகத்தான் போனது. ராஜா அட்டகாசமாகப் பாடினார். இவர் விசாரணைக் காட்சியில், "என் ஆண்டவரை மறுதலியேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னார். மந்திரி அடுத்த கேள்வியைப் பாடினார். இவர் மறுபடி, "என் ஆண்டவரை மறுதலியேன்" என்றார். அங்கே அது வரக்கூடாது. மந்திரி சமாளித்து அடுத்த வரிக்குப் போனார். இவர் மூன்றாவது முறையும் அதையே சொன்னார். என் பக்கத்தில் இருந்த அம்மா, "பாரேன், எவ்வளவு உறுதி" என்று கண்ணைத் துடைத்தார்.

உறுதி இல்லை அது, வார்த்தை கிடைக்காமல் ஒரே இடத்தில் சுற்றுகிறார்.

மரத்தில் கட்டினார்கள். விளக்கு அவர் மேல் விழுந்தது. நெற்றியிலிருந்து சாயம் கோடு கோடாக வழிந்தது. ஏசி குளிரில் நாங்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், அவருக்கு மட்டும் வியர்த்து ஊற்றுகிறது. விளக்குச் சூடாக இருக்கும் என்று நினைத்தேன். மனசு அப்படித்தான், கெட்டதை நம்புவதற்கு முன்னால் நூறு சாக்குச் சொல்லும். முதல் அம்பு எழுந்தது. ரத்தம் வடிந்தது. சனம் முனகியது. நான் எழுந்து, குனிந்தபடி வரிசையை விட்டு வெளியே வந்து, ஓரமாக மேடைக்குப் பின்னால் போனேன். அவர் பை அங்கே தொங்கியது. மாத்திரைப் பெட்டி அதில்தான் இருக்கும். கிழமைக்கு ஓர் அறை வைத்த பிளாஸ்டிக் பெட்டி, நான்தான் வாரா வாரம் நிரப்புவேன்.

சனிக்கிழமை அறை திறந்து கிடந்தது. காலி.

அந்தப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றது கொஞ்ச நேரம்தான் இருக்கும். ஆனால் அதற்கு முன் நான் அவ்வளவு பயந்ததில்லை. நானே மூச்சுக்குத் தவித்துக் கிடந்தபோதுகூட இல்லை. அப்போது எனக்கு மயக்கம் இருந்தது. இப்போது எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து பட்டினி, மேலே மாத்திரை. சேவகன் ஏழாவது அம்பை எய்தான். கைதட்டல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அவர் தலை தொங்கியிருந்தது. தொங்க வேண்டிய நேரம்தான் அது.

அண்ணாவியார் மேடையோரம் தாளத்தோடு நின்றார். அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அண்ணாவியாரே, நிறுத்துங்க. அவருக்குச் சுகர் எறங்கிட்டு. மயங்கிட்டாவ."

"இல்ல மதினி, நடிக்காவ. நேத்து ஒத்திகையிலயும் இப்படித்தான் தொங்கினாவ."

"நடிப்பு இல்ல. மாத்திரை போட்டிருக்காவ."

அவர் முகமும் மாறியது. ஆனால் காலை நகர்த்தவில்லை. "இன்னும் ஏழே பாட்டு மதினி. மரத்தைத் தொட்டா நேர்ச்சை முறிஞ்சுரும். அது உங்க உயிருக்கு வச்ச நேர்ச்சைல்லா. எனக்கு அதான் பயமா இருக்கு."

கையில் மந்திரித்த நூலைக் கட்டிக்கொண்டு வரும் நோயாளிகளின் சொந்தக்காரர்களை அதட்டுகிற ஆள் நான். ஆனால் அவர் அப்படிச் சொன்னதும் என் காலும் நின்றுவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை, அவரும் பயந்துதான் சொன்னார். என்னைத் திருப்பிக் கொடுத்த புனிதர், கணக்குச் சரியில்லை என்று இவரை எடுத்துக்கொண்டால்? அப்படி ஓர் எண்ணம் வந்தது, வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். விதவை வேஷக்காரத் தம்பி வெள்ளைச் சேலையில் வந்து முதல் பாட்டை எடுத்தான். சனம் அழ ஆரம்பித்தது. முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் தன் அம்மாவிடம், "மம்மி, அங்கிள் ரியலா டெட்டா?" என்று கேட்டது இங்கே வரை கேட்டது. அந்த அம்மா, "ஷ்ஷ், ஆக்டிங்" என்றாள்.

பாட்டு முடிந்து தம்பி முதல் அம்பைப் பிடுங்கினான். நெஞ்சுப் பலகை அசைந்தது. இவர் அசையவில்லை. ஒத்திகையில் அந்த இடத்தில் எப்போதும் ஒரு விரலை ஆட்டி, பலகை குத்துகிறது என்று அவனுக்குச் சாடை காட்டுவார். விரல் ஆடவில்லை.

நான் மேடையில் ஏறினேன்.

நர்ஸ் உடையில்தான் இருந்தேன், ஷூவோடு. சனம் அதையும் கூத்து என்றே நினைத்தது போல, ஒருவரும் தடுக்கவில்லை. தம்பி இரண்டாவது பாட்டை எடுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் குரல் நடுங்கியது, ஆனால் நிறுத்தவில்லை. நான் அவர் முகத்தைத் தூக்கினேன். சில்லென்று ஈரமாக இருந்தது. கூப்பிட்டேன். கண் பாதி திறந்தது. என்னைப் பார்க்கவில்லை, என் பின்னால் எங்கேயோ பார்த்தது. சர்க்கரை வேண்டும். டீக் கடை வெளியே கேட்டருகே. ஓடிப்போய் வர வேண்டும், யாரை அனுப்புவது, எதற்கென்று சொல்வது? பைத்தியம் மாதிரி சுற்றும் முற்றும் பார்த்தேன். என் கை பிசுபிசுத்தது. அவர் நெஞ்சைத் தொட்டிருக்கிறேன். கை முழுக்கச் சிவப்பு. ரோஸ் சிரப்.

விரலால் வழித்து அவர் கன்னத்துக்கு உள்பக்கம் தேய்த்தேன். இளநீரைக் குடிக்க ஊற்றினால் புரையேறிவிடும், இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்ய வேண்டும். மறுபடி நெஞ்சிலிருந்து வழித்தேன். மறுபடி தேய்த்தேன். அம்புகளுக்கு நடுவே கையை விட்டு விட்டு அந்த ரத்தத்தை வழித்து அவர் வாயில் வைத்தேன். பின்னால் ஹால் முழுக்க ஒரே அழுகை. யாரோ ஜெபமாலையைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். புனிதரின் ரத்தத்தை எடுத்து அவருக்கே ஊட்டுகிற இப்படி ஒரு காட்சியை ஊரில்கூடப் பார்த்ததில்லை என்று பிற்பாடு ஓர் அம்மா என்னிடம் சொன்னார். எனக்குப் பின்னால் யாரும் இருப்பதாகவே அப்போது நினைவில்லை.

"தம்பி, கட்ட அவுரு. ஆம்புலன்ஸ் கூப்பிடச் சொல்லு."

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. பாட்டு பாதி வரியில் அறுந்தது. அந்த நிசப்தத்தில்தான் ஹாலுக்கும் புரிந்தது.

சேவகர்கள் கவசத்தைக் கழற்றக்கூட மறந்து கடகடவென்று ஓடிவந்தார்கள். சற்று முன்னால் அம்பு விட்டவன்தான் முதலில் கயிற்றை அறுத்தான். ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அவர் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. விழுங்குகிறார். "விழுங்குங்க, இன்னும் கொஞ்சம், விழுங்குங்க" என்று குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னேன். அடுத்த மூச்சு வருமா வருமா என்று ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தேன்.

ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர், ஒரு பிலிப்பினோப் பெண்ணும் ஓர் அரபிப் பையனும். ஹாலுக்குள் நுழைந்தவர்கள் பார்த்தது, நெஞ்சில் ஆறு அம்பு குத்தி ரத்தத்தில் கிடக்கிற ஓர் ஆள், சுற்றி வாளோடு ஒரு சேனை. அந்தப் பெண் அப்படியே நின்றுவிட்டாள். "டோன்ட் டச்! யாரும் அம்பைத் தொடாதீர்கள்!" என்று இங்கிலீஷில் கத்தினாள். குத்தி நிற்கிற பொருளைப் பிடுங்கக்கூடாது, நானும் அதைத்தான் படித்திருக்கிறேன். "ஸ்பிரிங், ஸ்பிரிங், இது டிராமா, லோ சுகர்" என்றேன். என் உடை, என் கை, என் வாயிலிருந்து வருகிற வார்த்தை, எதுவும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை போல. அவள் நம்பவில்லை. வேறு வழியில்லாமல் ஓர் அம்பைப் பிடித்துப் பிடுங்கிக் காட்டினேன். அந்த அரபிப் பையன் "யா அல்லாஹ்" என்று கண்ணை மூடிக்கொண்டான். திறந்து, என் கையில் இருந்த அரை அம்பையும் ஸ்பிரிங்கையும் பார்த்தான். பிறகு இரண்டு பேரும் மளமளவென்று வேலையில் இறங்கினார்கள். விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். மீட்டரில் வந்த நம்பரைப் பார்த்ததும் அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நம்பரை இங்கே எழுத எனக்கு இப்போதும் மனசில்லை.

கையில் ஊசி ஏற்றி, மருந்தை விட்டு, ஸ்ட்ரெச்சரில் தூக்கினார்கள். நானும் கூடவே ஏறிக்கொண்டேன். கதவு மூடும்போது அண்ணாவியார் தாளத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியில் நின்றது தெரிந்தது.

வண்டிக்குள் இருந்த பயம் வேறு மாதிரி. கையில் வேலை இல்லை, அதனால் பயம் முழுசாக வந்து உட்கார்ந்துவிட்டது. மரத்தைத் தொட்டுவிட்டோம். நான்தான் தொட்டேன். நேர்ச்சை முறிந்தால் என்னை எடுத்துக்கொள், இவரை விட்டுவிடு என்று சொன்னேன். யாரிடம் சொல்கிறேன் என்று யோசிக்கவில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்று கேட்டால், அந்த வண்டிக்குள் இருந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஆஸ்பத்திரியில் போர்வைக்குள்ளிருந்து இவர் விரல் என் விரலைத் தேடியது. கண்ணைத் திறந்தார். இந்தத் தடவை என்னையே பார்த்தார்.

"ஏட்டி."

"ம்."

"வாயெல்லாம் இனிக்கி."

அழுகை வந்துவிட்டது. அதைக் கோபமாக மாற்றிக்கொண்டேன். "மாத்திரையை ஏன் போட்டீய? படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?"

"போடாம விட்டா நீதான ஏசுவ. காலையில எந்திரிச்சதும் கை தானாப் போயிட்டு. வாயில போட்ட பொறவுதான் நெனப்பு வந்துச்சு. தண்ணி இல்லாமத்தான் முழுங்கினேன், விரதம் முறியலட்டி."

இத்தனை வருஷம் மாத்திரை, மாத்திரை என்று நான் போட்ட கூச்சல் அந்த மனிதரின் கைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. வில்லோடு நின்ற சேனைக்குப் பயப்படாத ஆள், எனக்குப் பயந்து மாத்திரையை விழுங்கியிருக்கிறார். சிரிப்பதா, அடிப்பதா என்று தெரியவில்லை.

பிறகு என் கையை இறுக்கினார். அவர் முகத்தில் முதல்முறையாகப் பயம் தெரிந்தது.

"பாட்டு முடிஞ்சுதா?"

நோயாளியிடம் நான் பொய் சொல்ல மாட்டேன். இருபது வருஷத்தில் அப்படி ஒரு பழக்கம் இல்லை. இரண்டாவது பாட்டு நடுவில் அறுந்த சத்தம் என் காதில் இன்னும் இருந்தது.

"முடிஞ்சுது" என்றேன். "ஏழும் பாடியாச்சு. தூங்குங்க."

நெஞ்சை நிறைத்து ஒரு மூச்சு விட்டுக் கண்ணை மூடினார். நான் வெளியே வந்து அண்ணாவியாருக்குப் போன் போட்டேன். "முழிச்சுட்டாவ, பேசுதாவ" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் பெரிய இரைச்சல் ஒன்று கேட்டது, லைன் கட்டாகிவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து விதவை வேஷக்காரத் தம்பி வந்தான். வெள்ளைச் சேலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தான். கண்மை கன்னம் வரைக்கும் வழிந்திருந்தது. வராண்டாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மதினி, அண்ணனுக்குத் தெரிய வேண்டாம், நடுவுல விட்டுட்டோம்னு."

"நானும் சொல்லல. முடிஞ்சுட்டுன்னு பொய் சொல்லிட்டேன்."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "பொய் இல்லையே. ஆம்புலன்ஸ் போன பொறவு அண்ணாவியார் தாளத்தை எடுத்துட்டாரு. 'ஆள் இல்லாட்டி என்னடே, மரம் இருக்குல்லா, பாடு'ன்னாரு. வெறும் மரத்துக்கு முன்னால நின்னு ரெண்டாவதுலயிருந்து எடுத்தேன். ஒருத்தரும் போகல மதினி. அடுத்து ஹால் கேட்ட பிலிப்பினோ ஆளுககூட நின்னாவ. ஏழாவது பாட்டும் முடிஞ்சுட்டு. இனி மூக்குல விரல் வைக்கணும். ஆள் இல்லையே. வெறுங்கைய நீட்டிட்டு நின்னேன். கடைசி வரியை எப்படிப் பாட? மூச்சு இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியாதே." அவன் விரலை நீட்டிக் காட்டினான். "கை கடுத்துப் போச்சு, இறக்கத் தைரியம் இல்ல. ஹாலே மூச்சு விடாம நிக்கி. அப்பத்தான் உங்க போன் வந்துச்சு, அண்ணாவியார் ஸ்பீக்கர்ல போட்டாரு, ஹாலே அலறிட்டு. அதுக்குப் பொறவுதான் கடைசி வரியப் பாடினேன்."

என் விரல் இடுக்கெல்லாம் சிரப் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. போய்க் கழுவ வேண்டும் என்று நினைத்தேன், எழுந்திருக்க முடியவில்லை.

இப்போது இவர் நன்றாக இருக்கிறார். மாத்திரையும் சோறும் நேரத்துக்கு உள்ளே போகின்றன. நேர்ச்சை தீர்ந்தது என்று நிம்மதியாக இருக்கிறார். எனக்குத்தான் தீரவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் சோபாவில் அசந்து தூங்கினால், பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிற நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய், குனிந்து, மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன். அவர் கண்ணைத் திறப்பதில்லை.

"இருக்குட்டி" என்பார். "போய் வேலையப் பாரு."